வட்டச்சாளைக்குச் சிவப்பு அடித்தவர்

கிட்டுசாமி அங்கிளை நான் முதலில் பார்த்தது நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீன் வரிசையில். எனக்கு முன்னால் நின்றவர், "ரெண்டு புளியோதரை, ஒரு தயிர்சாதம் குடுங்க. பொறுங்க, சில்லறை இருக்குதுங்க" என்றார். அந்த 'இருக்குதுங்க' காதில் விழுந்ததும் என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"அங்கிள், நீங்க எந்த ஊருங்க?"

திரும்பிப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். கோயிலுக்கு வரும் மற்ற அங்கிள்களின் கைகளைப் போல அவர் கை இல்லை. புறங்கையில் கீறல்கள், நகக்கண்ணில் அழுக்கு.

"மூலனூருங்க அம்மிணி. நீங்க?"

"தாராபுரம்."

"அட, பக்கத்து ஊரு! இங்க வேலையா?"

"ஆமாங்க. இங்கதான் மருந்துக் கம்பெனில, டேட்டா வேலை."

"அப்பா என்ன பண்றாருங்க?"

"கான்ட்ராக்டருங்க" என்றேன்.

என் அப்பா பெயிண்டர். இருபத்தாறு வருஷமாகத் தாராபுரத்திலும் திருப்பூரிலும் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அந்த டிகிரிக்கும், அதன்மேல் நியூ ஜெர்சியில் நான் படித்த எம்.எஸ்ஸுக்கும் கடன் வாங்கக் கையெழுத்துப் போட்டவர் அவர். பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? ஊரில் இந்தக் கேள்விக்குப் பின்னால் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று வரிசையாக வரும். கான்ட்ராக்டர் என்றால் அதோடு நின்றுவிடும். கிட்டுசாமி அங்கிள் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் இடம் கொடுக்கவில்லை.

அவர் கேட்டது வேறு. "ஆட்டுப்பால் டீ குடிச்சிருக்கறீங்களா? சனிக்கிழம வாங்க."

பிரிட்ஜ்வாட்டரிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். கடைசி வளைவில் திரும்பியதும் அந்தக் கட்டடம் கண்ணில் பட்டது. மூன்று மாடி உயரம், முழு வட்டம், கூம்புக் கூரை, உச்சியில் கோழிக்கூண்டு அளவுக்கு ஒரு காற்றுக் கூடு. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த பலகைகள் சாம்பல் நிறமாகிக் கிடந்தன. இங்குள்ளவர்களுக்கு அது பார்ன். அவர் வட்டச்சாளை என்றார். காட்டில் மாடு கட்டவும் சோளத்தட்டு அடுக்கவும் போடுகிற கொட்டகையை எங்கள் பக்கத்தில் சாளை என்போம்.

"1912-ல பால்பண்ணை வெச்சிருந்த குடும்பம் கட்டுனதுங்க. மாடெல்லாம் சுத்தி நின்னு நடுவால பாக்கும். ஒரே ஆளு மத்தியில நின்னுட்டு அத்தனைக்கும் தீனி போட்டறலாம். இங்க பாருங்க, பலகை ஒவ்வொன்னும் நேர்தான். வளைஞ்சது ஒன்னு கூட இல்ல. ஆனா செவுரு வட்டம். எப்படீன்னு இன்னும் எனக்கு முழுசாப் புடிபடலீங்க."

அமெரிக்காவுக்கு 1996-இல் வந்தவர். எடிசனில் டவுன்ஹவுஸ், தினமும் மன்ஹாட்டனுக்கு ரயில், பழைய வங்கி புரோகிராம்களைச் சரிபார்க்கிற வேலை. ஒருநாள் சாலை அடைத்திருந்ததால் சுற்றுவழியில் வந்தபோது இதைப் பார்த்தாராம். வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தாராம். அடுத்த வருஷம் நிலத்தோடு வாங்கிவிட்டார். டவுன்ஷிப்பின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருப்பதால், அனுமதி கேட்காமல் அதன் நிறத்தைக்கூட மாற்ற முடியாது.

"எங்க வூட்ல ஒரே சண்டை. 'மூலையே இல்லாத கட்டடத்துக்கு வாஸ்து எங்க பாக்கறது? கன்னிமூலை எதுன்னு காட்டுங்க பாக்கலாம்'னு கேப்பாங்க. நானும் சுத்திச் சுத்தித் தேடுவேன். 'இன்னும் ரெண்டு சுத்து வாங்க, தொப்பையாவது கொறையும்'பாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சமையலறைச் சுவரில் அவர் மனைவி வசந்தாமணி ஆன்ட்டியின் படம் மாட்டியிருந்தது. படத்துக்குப் பொட்டு வைத்திருந்தது.

ஆன்ட்டி இறந்த கதையை அங்கிள் ஒரே நாளில் சொல்லவில்லை. இரண்டு மூன்று சனிக்கிழமைகளில், வேறு எதையோ சொல்லும்போது நடுநடுவே வந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. காலையில் ஆட்டுக்குட்டி ஒன்று நோயில் விழ, அவர் சாளைக்குப் போனார். குட்டியைத் தேற்றி நிமிர்ந்தபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. பால் பாத்திரத்தோடு வீட்டுக்குள் வந்தால் ஆன்ட்டி அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். ஆம்புலன்ஸ் பனியைத் தாண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரே மகள் தாமரைச்செல்வி டெக்சஸில், சுகர் லேண்டில், ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். எடிசனுக்கே திரும்பிவிடுங்கள், இருவருக்கும் வயதாகிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். காரியம் முடிந்த அன்று சாளையைக் கைகாட்டி அப்பாவிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். அங்கே இல்லாமல் நீங்கள் வீட்டுக்குள் இருந்திருந்தால் என்று தொடங்கியவள் முடிக்கவில்லையாம். அதற்குப் பிறகு அவள் அந்தப் பண்ணைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். ஆடுகளைப் பற்றியோ சாளையைப் பற்றியோ அவர் பேச்செடுத்தால், "அப்பா, அனதர் கால்" என்று வைத்துவிடுவாள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை நான் போனபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"அம்மிணி, இதக் கேளுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டார். தாமரை விட்டிருந்த குரல் பதிவு. "அப்பா, ஃபிரெடி வீட்ல சர்ச்லதான்னு சொல்றாங்க. நம்ம சைட்ல எல்லாரும் கோயில்ங்கறாங்க. ஐ'ம் சோ டயர்ட். லெட்ஸ் ஜஸ்ட் டூ இட் இன் யுவர் பார்ன், ஓகே? கால் மீ."

நான்கு தடவை போட்டுக் காட்டினார்.

"பார்ன்னு சொல்லுச்சு கேட்டீங்களா? நாலு வருசமா அந்தப் பேர வாயில எடுத்ததில்லீங்க."

ஃபிரெடி என்பது அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையன். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், இப்போது ஹூஸ்டன். அவனுடைய அப்பா தேவதாஸ் போனில், "மாட்டுத் தொழுவத்துலயாம்மா கல்யாணம்?" என்றாராம். அதற்குத் தாமரை, "உங்க ஜீஸஸ் எங்க பொறந்தார், அங்கிள்?" என்று கேட்டாளாம். அதன்பிறகு சம்பந்தி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. இதை அங்கிள் எனக்கு மட்டும் மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் முடித்தார்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை என்று முடிவானது. உள்ளே நூற்றைம்பது பேர் கூட வேண்டுமானால் டவுன்ஷிப் அனுமதி வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் வெளிச்சுவரைச் சீராக்கி, பழைய சிவப்பையே அடித்து, பாரம்பரியக் கட்டடக் கமிட்டி வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் அந்த அனுமதி கிடைக்கும். வந்து பார்த்த இரண்டு பெயிண்டிங் கம்பெனிகளும் அக்டோபருக்கு முன்னால் ஆளில்லை என்றுவிட்டன.

"போகட்டுமுங்க. நம்ம புள்ள கல்யாணத்துக்கு நாமதான வெள்ளையடிப்போம்? நானே அடிக்கறேன்" என்றார்.

ஜூன் முழுக்கப் பழைய வண்ணத்தைச் சுரண்டினார். உளுத்த பலகைகளை மாற்றினார். சக்கரம் வைத்த சாரம் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தார். நான் போன நாட்களில் டீ போட்டேன், ஆடுகளை விரட்டினேன், சுரண்டிய குப்பையை அள்ளினேன். ஜூலையில், வளர்பிறையில் ஒரு புதன்கிழமையைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக் குறித்தார். அன்று நான் வேலையில் இருந்தேன். வீடியோ அனுப்பினார். காலை ஆறரை. கிழக்குப் பக்கத்துப் பலகையில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, தேங்காய் உடைத்து, சூரியனைக் கும்பிட்டுவிட்டு முதல் கை வைத்தார்.

வேலைக்கு அவரே ஒரு முறை வகுத்திருந்தார். சுவரின் உயரத்தை ஏழு பட்டையாகப் பிரித்துக்கொண்டார். மேல் பட்டையிலிருந்து தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு பட்டை. காலையில் கிழக்கே ஆரம்பித்து, சாரத்தைத் தள்ளித் தள்ளி வலமாகத் தெற்கு, மேற்கு, வடக்கு என்று வந்து, பொழுது சாயும்போது ஆரம்பித்த இடத்தில் முடிப்பது. சாமி சுற்றுகிற மாதிரி ஒரு நாளைக்கு ஒரு சுற்று. ஏழு சுற்று ஒரு பூச்சு. மறுபடி ஏழு சுற்று இரண்டாம் பூச்சு.

அந்தச் சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை மணி. நாலாவது சுற்று. அவர் தெற்குப் பக்கம் சாரத்தில் நின்றிருந்தார். தலையில் துண்டு. நேர் வெயில். ஏணியில் நாலு படி ஏறிப் பலகையில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. அவர் பிரஷை இழுக்க இழுக்கப் பின்னாலேயே வண்ணம் மங்கிக் காய்ந்துகொண்டு வந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

பள்ளி விடுமுறைகளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவேன். அவர் எப்போதும் நிழல் விழுந்த சுவரில்தான் நிற்பார். வெயில் வந்தால் இறங்கி உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்காரர்கள் ஏசுவார்கள். "வெயில் போகட்டும்னு உக்காந்திருக்கறயா, சம்பளம் வரட்டும்னு உக்காந்திருக்கறயா?" அப்பா பதில் சொல்லமாட்டார். சுடுகிற சுவரில் வைத்தால் மேலே மட்டும் தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே ஈரம் நிற்கும், பிறகு கொப்புளித்துக் கிளம்பிவிடும் என்பது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுகூட இல்லை. நான் அதற்குள்ளேயே வளர்ந்தவள்.

கிட்டுசாமி அங்கிள் நாள் முழுக்கச் சூரியனோடு கூடவே போய்க்கொண்டிருந்தார். காலை வெயில் கிழக்கே இருக்கும்போது கிழக்கில், உச்சி வெயிலில் தெற்கில், சாயும் வெயிலில் மேற்கில். வடக்குப் பக்கம் ஒன்றுதான் நிழலில் நடந்தது. வலம் வருவதை அவர் விட வேண்டியதே இல்லை. காலையில் மேற்கே ஆரம்பித்திருந்தால் போதும். மேற்கு, வடக்கு, கிழக்கு, கடைசியில் பொழுது இறங்கும்போது தெற்கு. அதே வலம்தான், ஏறக்குறைய முழுக்க நிழல். தொடங்குகிற இடம் மட்டும் எதிர்ப்பக்கம்.

அவர் மேலேயிருந்து குனிந்து பார்த்தார். முகமெல்லாம் வியர்வை.

"ஏனுங்க அம்மிணி, கான்ட்ராக்டர் புள்ள! நீங்க சொன்னா சரியா இருக்கும். நம்ம வேலை எப்படி?"

சொல்லியிருக்க வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்பார். அப்பா பெயிண்டர் என்று சொல்ல வேண்டிவரும். மூன்று மாதமாக அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அப்பாவின் 'சைட்டுகள்' பற்றிக் கதையளந்தவள் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? யூட்யூபில் பார்த்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், ஆனால் சாளை பிழைத்திருக்கும். அதுகூட எனக்கு அன்று தோன்றவில்லை.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"அப்பறமென்ன!" என்று பிரஷைத் தொட்டிக்குள் விட்டார்.

மறுநாள் காலை அப்பாவுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். ஏதோ பேச்சுவாக்கில் போலக் கேட்டேன்.

"வெயிலடிக்கற செவுத்துல வெச்சா நிக்காது கண்ணு. அதுவும் மரப்பலகையா? கழுவுன ஈரம் வேற உள்ள இருக்கும். நெழலப் புடிச்சுட்டுத்தான் போகோணும். யாரு வூடு?"

"இங்க தெரிஞ்ச ஒரு பெரியவர்."

"சொல்லீட்டயா அவருகிட்ட?"

"சொல்லிட்டேம்ப்பா."

"நல்லது. பாவம், ஏணி ஏறி எறங்கற வேலை" என்றார் அப்பா.

அடுத்த சனிக்கிழமை ஆபீஸில் சாப்ட்வேர் ரிலீஸ் வேலை இருந்தது. அதற்கடுத்த வாரம் எடிசனில் தோழிக்கு வளைகாப்பு. இரண்டும் நிஜம். இரண்டையும் தவிர்த்திருக்க முடியும் என்பதும் நிஜம். 'அங்கிள், மேற்கேயிருந்து ஆரம்பிங்க' என்று வாட்ஸாப்பில் அடித்து அடித்து அழித்தேன். அவர் தினமும் படம் அனுப்பினார். ஆறாவது சுற்று. ஒன்பதாவது சுற்று. ஒவ்வொன்றுக்கும் நான் கைகூப்புகிற பொம்மையைப் பதிலாக அனுப்பினேன்.

முதல் பூச்சு காயச் சில நாள் விட்டு, ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி முடித்தார். பார்த்தவர்கள் காரை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு போனார்களாம். தாமரைக்கு வீடியோ அனுப்பியதற்கு, 'லுக்ஸ் அமேஸிங், அப்பா' என்று எழுதி ஒரு சிவப்பு இதயமும் போட்டிருந்தாள். அதை எனக்கு அனுப்பி, 'பார்த்தீர்களா' என்று கேட்டிருந்தார்.

பிறகு மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் சுள்ளென்று வெயில்.

"அம்மிணி, ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா? செவுரெல்லாம் என்னமோ மாதிரி ஆகுதுங்க."

போனேன். அப்பளம் பொரிந்தது போல இருந்தது. கிழக்கும் தெற்கும் மேற்கும் முழுக்கக் கொப்புளம். சில இடங்களில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, கீழே சாம்பல் பலகை தெரிந்தது. அவர் ஒரு கொப்புளத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது.

"டப்பாவுல கோளாறா இருக்குமுங்களா? கடைக்காரன் பழைய சரக்கத் தள்ளீட்டானோ?"

"இருக்கலாமுங்க" என்றேன்.

வடக்குப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தச் சுவருக்கும் மற்றச் சுவருக்கும் என்ன வித்தியாசம் என்று ரொம்ப நேரம் நின்று யோசித்தார். இருபது வருஷம் புரோகிராம்களில் பிழை தேடியவர். நான் இரண்டடி பின்னால் நின்றிருந்தேன்.

பத்து நாள் தனியாளாகச் சுரண்டினார். ஒரு பக்கத்துக்குமேல் முடியவில்லை. மாதக் கடைசியில் கமிட்டியிலிருந்து இரண்டு அம்மாக்கள் வந்தார்கள். கடுமையாக எதுவும் பேசவில்லை. வடக்குச் சுவரைப் பார்த்து மிக அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். பலகை முழுக்கக் காய வேண்டும், இனி வசந்தகாலத்தில்தான் என்றார்கள். இப்போதைக்கு உள்ளே கூட்டம் கூட அனுமதி தர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர் தாமரைக்குப் போன் செய்தபோது நான் சமையலறையில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை.

"இட்ஸ் ஓகே அப்பா. ரியலி. இங்க ஒரு ஹால் பாத்து வெச்சிருக்கோம்."

"பாத்து வெச்சிருக்கறீங்களா?"

"ஜஸ்ட் இன் கேஸ், அப்பா."

"செரி கண்ணு." போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, "கல்யாணம் அங்க நடக்கட்டும். நீ ஒரு தடவ இங்க வந்துட்டுப் போ. வடக்கால செவுரு நல்லா வந்திருக்குது. அத மட்டுமாவது பாத்துட்டுப் போ" என்றார்.

அவள் மெதுவாக, தமிழிலேயே சொன்னாள். "என்னால முடியாதுப்பா. நீங்க இங்க வாங்க."

அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "பாத்து வெச்சிருக்குது" என்று தனக்குள் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போங்க, ரசம் இருக்குது" என்றார்.

கல்யாணம் சுகர் லேண்டில் நடந்தது. அக்டோபர் முதல் வாரம் அவர் திரும்பி வந்து, லட்டு வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்று கூப்பிட்டார். போனபோது தெற்குச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். டப்பாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். டப்பா மூடியில் தாமரை, ஃபிரெடி என்று பொன்னெழுத்து. அதைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"அங்கிள், எங்கப்பா கான்ட்ராக்டர் இல்லீங்க. பெயிண்டர்."

"அதுக்கென்னுங்க இப்ப?"

"வெயில்ல அடிச்சா இப்படி ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க. அன்னைக்கே தெரியும்."

சுரண்டுகிற தகட்டைக் கீழே வைத்தார். "என்னைக்கு?"

"எப்படி இருக்குன்னு கேட்டீங்களே. அன்னைக்கு."

"அன்னைக்கு மூணு சுத்துத்தான முடிஞ்சிருந்துச்சு" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்க்கிறவரின் குரல். பதினான்கில் மூன்று. ஜூலை. இன்னும் நாள் இருந்தது.

"எப்படிப் போயிருக்கோணும்?"

"மேக்க ஆரம்பிச்சிருக்கோணுமுங்க. காலைல அங்க நெழலு. அப்படியே வடக்கு, கெழக்கு..."

"வலமாவேயா?"

"வலமாவேதானுங்க."

அவர் சாளையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார், மேற்கிலிருந்து. பாதியில் கையைக் கீழே விட்டுவிட்டார்.

"உங்கப்பாரு நம்பரக் குடுத்துட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். அத்தனை மாதங்களில் சாப்பிட்டுப் போங்கள் என்று அவர் சொல்லாமல் நான் கிளம்பியது அன்றுதான். வழியில் ஒரு கடை வாசலில் காரை நிறுத்தினேன். அந்த லட்டை என்னால் தின்னவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

குளிர்காலம் முழுக்க அவர் என்னைக் கூப்பிடவில்லை. பொங்கலுக்கு நான் அனுப்பிய வாழ்த்தைப் படித்ததாக மட்டும் காட்டியது. மே மாதம் ஒரு சனிக்கிழமை, சொல்லாமலே ஓட்டிக்கொண்டு போனேன். பண்ணை வாசலில் விற்பனைப் பலகை நட்டிருந்தது. அதன் குறுக்கே 'விற்றாயிற்று' என்று ஒரு பட்டை.

காலை எட்டு மணி. அவர் மேற்குப் பக்கத்தில், நிழலில், சாரத்தில் நின்று அடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க" என்றார். அம்மிணி என்று சொல்லவில்லை. "அந்த நாற்காலில உக்காருங்க. பெயிண்ட் பட்டுறப் போகுது."

நியூயார்க்கிலிருந்து ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார்கள். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற இடமாக ஆக்கப் போகிறார்களாம். ஒப்படைப்பதற்குள் வண்ணம் முடித்துத் தருவதாக இவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆடுகள் போய்விட்டன. தாமரைக்கு ஜூலையில் குழந்தை பிறக்கப் போகிறது. சுகர் லேண்டில் அவளுடைய வீட்டிலேயே கீழ்த்தளத்தில் இவருக்கு ஓர் அறை.

"தாமரை வந்து ஒரு தடவ பாக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"வித்தாச்சு. இனி என்னத்துக்குங்க?"

பிரஷைத் தோய்த்து அடுத்த பலகையில் இழுத்தார். வண்ணம் நிதானமாக, ஈரம் மின்ன நின்றது. வடக்குச் சுவரில் போன வருஷத்து வண்ணத்தை அவர் தொடவில்லை. சாரம் அதைத் தாண்டிக் கிழக்கே போய்விடும். நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன்.

"வர்றனுங்க அங்கிள்."

"ம். பாத்துப் போங்க" என்றார், சுவரைப் பார்த்தபடி.

மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் சிரித்தார்.

"ஏன் கண்ணு, என்னைய கான்ட்ராக்டருன்னு சொல்லி வெச்சிருந்தயாமா?"

"ஆமாம்ப்பா" என்றேன்.

"பரவால்ல விடு. உம்பட வாயால ஒரு ப்ரமோசன் கெடைச்சுதே. அந்த மூலனூர்க்காரரு நல்ல மனுசன். பனி நேரத்துலருந்து வாரம் தவறாம போன் பண்றாரு. ஈரம் எப்படிப் பாக்கறது, மொதப் பூச்சு எத்தன நாள் காயோணும், எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கறாரு. இங்கிலீசு தெரிஞ்ச பெரிய மனுசன், என்னைய அண்ணான்னு கூப்படறாரு."

"வேற என்னப்பா சொன்னார்?"

"ஒன்னும் சொல்லல. போன வருசம் அத்தனையும் கெட்டுப்போச்சாமே. நான் கேட்டேன், எம்புள்ள சொல்லலீங்களான்னு. 'அன்னைக்கே சொல்லுச்சுங்க, நாந்தான் கேக்கல'ன்னு சொன்னாரு. கேட்டிருந்தா அவரு புள்ள கல்யாணம் அங்கயே நடந்திருக்கும் பாவம். நீயும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

"சொல்லியிருக்கலாம்ப்பா" என்றேன்.

அதற்குமேல் அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஜூனில் கிட்டுசாமி அங்கிள் டெக்சஸ் போய்விட்டார். போகிற அன்று சாளையின் படம் ஒன்றை அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார். அப்பா அதை எனக்கு அனுப்பி வைத்தார்.